வம்ச வாளின் துரு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டை, உதயகண்டன் என்று ஒரு மகாராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சிம்மாசனத்தின் கைப்பிடியில் மூன்று முறை தட்டி ஒன்றைச் சொல்லிவிட்டால், அதை மாற்ற அவருக்கே மனம் வராது. ஒருமுறை இப்படித்தான் மூன்று தட்டுத் தட்டி, ‘இனி என் இலையில் உப்பே கூடாது’ என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து உப்பில்லாத குழம்பைக் கண்ணீரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குழம்பைவிடப் பெரிய குறை ஒன்றும் அவருக்கு உண்டு. அவருடைய கொள்ளுப்பாட்டனார் கண்டீரவர், ‘மின்னற்கொடி’ என்ற வாளைச் சுழற்றி ஏழு நாட்டுப் படைகளை விரட்டினார் என்று ஒரு கதை. வாள் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பகைவர் ஒழிந்ததும் அது தானாகவே பூமிக்குள் இறங்கிவிட்டது என்று ஆஸ்தான வித்துவான் சொக்கேசக் கவிராயர் பாடி வைத்திருந்தார். கவிராயருக்கு அடுத்த வேளைச் சாப்பாடு அந்தப் பாட்டில்தான் இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மகாராஜா, “மின்னற்கொடி இல்லாத பூஜை என்ன பூஜை” என்று பெருமூச்சு விடுவார்.

அந்த வருஷம் அரண்மனைக்குப் பின்புறம் அல்லிக்குளம் ஒன்று வெட்ட உத்தரவானது. நவராத்திரி முதல் நாள் காலையில், மண்வெட்டியில் ணங்கென்று ஏதோ இடித்தது. தோண்டி எடுத்தால், ஒன்றரை முழ நீளத்தில் ஓர் இரும்பு. நடுவில் வளைந்து, ஒரு முனை குச்சி போல ஒடுங்கி, மறுமுனை வீங்கி, மேலெல்லாம் மண்ணும் துருவும் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது. எடுத்தவள் பவளாயி என்கிற மண் வெட்டும் பெண். எடுத்ததும் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் இவ்வளவுக்கும் காரணம்.

அடுத்த நாழிகையில் அந்த இரும்பு பல்லக்கில் ஏறிவிட்டது. முன்னால் சங்கு, பின்னால் முரசு. சபை நடுவில் பட்டு மெத்தை போட்டு அதன்மேல் வைத்தார்கள். மகாராஜா கண்ணீர் மல்க நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். தளவாய் நரசிங்கராயர் ஒடுங்கிய முனையைத் தொட்டு, “இதுதான் கைப்பிடி மகாராஜா. கண்டீரவர் கை பட்ட இடம்” என்றார். தான் ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டால் தளவாய் முந்திவிடுவாரே என்று கவிராயர் மறுமுனையிடம் ஓடினார். “இதோ சிங்க முகம். துருவை நீக்கினால் உள்ளே சிங்கத்தின் பற்களே தெரியும்” என்றார்.

நம் கதைக்கு உரியவன் அப்போது தூணோரமாக நின்று தொன்னையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயர் கடம்பன். அரசவை விகடன். அவன் வாயைத் திறந்தால் மகாராஜா சிரிப்பார். அவர் சிரிக்கச் சிரிக்கத் தளவாய்க்கும் கவிராயருக்கும் வயிறு எரியும். அன்று அவன் வாய் சுண்டலுக்கு மட்டுமே திறந்திருந்தது. இரும்பைப் பற்றி அவனுக்கும் சந்தேகம் ஒன்றும் இல்லை. வளைந்திருக்கிறது, நீளமாக இருக்கிறது, வாள் என்கிறார்கள், வாளாகத்தான் இருக்கும்.

அப்போது இரண்டு காவலர்கள் பவளாயியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். காலில் ஈர மண் இன்னும் காயவில்லை.

“மகாராஜா, வம்ச வாளைக் கையில் எடுத்த இவள், இதைப் பார்த்து அரிவாள்மணை என்றாளாம்” என்றார் தளவாய்.

சாமரம் வீசியவள் வீசுவதை நிறுத்திவிட்டாள். மகாராஜாவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

“அப்படியா சொன்னாய்?”

“சொன்னேஞ் சாமி” என்றாள் பவளாயி. “பாத்தா அப்படித்தான் இருந்துச்சு. தெனம் காலையில அது முன்னாடிதானே குந்திக் காய் நறுக்குறேன்.”

மகாராஜாவுக்கு உள்ளூர இரக்கம் உண்டு. “இது வாள் என்று இப்போது சொல். விட்டுவிடுகிறேன்” என்றார்.

“வாள நான் பக்கத்துல வச்சுப் பாத்ததில்ல சாமி. பாக்காததைப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது?”

கடம்பன் சுண்டலை மெல்லுவதை நிறுத்தினான். தப்பிக்க ஒரு வார்த்தை போதும், அதையும் இவள் சொல்ல மாட்டேன் என்கிறாளே. தளவாய் முன்னால் வந்து, “வம்சத்தை இழிவாகப் பேசியவளின் வலக்கையை வெட்ட வேண்டும்” என்றார். மகாராஜாவின் கை, தட்டுவதற்காக மெல்லச் சிம்மாசனக் கைப்பிடியின்மேல் உயர்ந்தது. மண் வெட்டிப் பிழைக்கிறவளுக்கு வலக்கை போனால் என்ன மிஞ்சும்? கடம்பனுக்குச் சுண்டல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. என்ன பேசுகிறோம் என்று யோசிப்பதற்குள் பேசிவிட்டான்.

“மகாராஜா, பிறந்த குழந்தைக்குக்கூடக் கழுவித் துடைத்து முகம் பார்த்த பிறகுதான் பெயர் வைக்கிறோம். இந்த இரும்பின் முகத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லையே.”

உயர்ந்த கை அந்தரத்தில் நின்றது. தளவாய்க்கு எரிச்சல் வந்தது. ஆனால் எரிச்சலோடு ஒரு யோசனையும் வந்தது.

“நியாயம்தான். விகடனே துலக்கட்டும். ஒன்பதாம் நாள் ஆயுத பூஜைக்கு வாள் பளபளவென்று வர வேண்டும். ஆனால் இது புனிதப் பொருள். இப்போது இருக்கும் எடையில் ஒரு குன்றிமணி குறைந்தாலும் விகடனின் வலக்கையும் போக வேண்டும்.”

துருவை எடுத்தால் எடை குறையும் என்பது சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கவிராயருக்கு அதுவும் போதவில்லை. “துலக்கிய பிறகு, இதற்குத் தவறான பெயர் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் வலக்கை வெட்டப்படும் என்று ஓலையில் எழுதிவிடலாம் மகாராஜா. யார் என்ன பெயர் சொன்னார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். இந்தப் பெண் பிற்பாடு வார்த்தை மாறக் கூடாது பாருங்கள்.”

ஓலை எழுதுகிறவர் எழுதினார். மகாராஜா: மின்னற்கொடி வாள். தளவாய்: மின்னற்கொடி வாள். கவிராயர்: மின்னற்கொடி வாள். பவளாயி: அரிவாள்மணை. “விகடரே, உமது வாக்கு?” என்று கேட்டார்.

“நான் இன்னும் முகம் பார்க்கவில்லை ஐயா. இப்போதைக்கு இரும்பு என்று போட்டுக்கொள்ளுங்கள்.”

சபை சிரித்தது. மகாராஜா சிரிக்காமல் மூன்று முறை தட்டினார். இரும்பைத் தராசில் வைத்து, அதே எடைக்குக் கல் நிறுத்து, கற்களைப் பையில் கட்டி முத்திரை போட்டார்கள். பவளாயியைக் காவலில் வைத்தார்கள். கடம்பன் இரும்பைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனான். வெறும் பட்டு மெத்தைக்கு அன்று மாலையிலிருந்து இரண்டு வேளை பூஜை நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொல்லர் தெருவில் கடம்பன் வழி கேட்டான். புளித்த காடியில் ஊறப்போட்டால் துரு சுலபமாக இளகும், ஆனால் கரைந்து போனது திரும்ப வராது என்றார்கள். அதனால் அவன் காடிப் பக்கமே போகவில்லை. உமியைக் கொளுத்தி, அந்த இளஞ்சூட்டில் இரும்பை வாட்டினான். கீழே வெள்ளை வேட்டியை விரித்து, புளியங்கட்டையில் செய்த சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினான். துரு ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. பெயராத இடத்தைத் தேங்காய் நாரால் தேய்த்தான். ஒரு துகள் வெளியே போகக் கூடாது என்று, தும்மல் வந்தால்கூட எழுந்து வாசலுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தான்.

மூன்று நாளுக்கு அவனுக்கு ஒரே பயம், உள்ளே இரும்பே இல்லாமல் முழுக்கத் துருவாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று. நான்காம் நாள் கறுத்த இரும்பு கண்ணில் பட்டது. வளைந்த வாய் தெரிந்தது. ஆறாம் நாள் வீங்கிய முனையைத் தட்டினான். ஒரு பெரிய ஓடு பெயர்ந்து விழுந்தது. உள்ளே வட்டமாக, வரிசையாக, கூர்கூராகப் பற்கள்.

கடம்பன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். கவிராயர் சொன்னது சொன்னபடி இருக்கிறது. சிங்கத்தின் பற்கள். இந்த ஆள் வாழ்நாளில் ஒரே ஒரு உண்மை சொன்னார், அதை இந்த விஷயத்திலா சொல்லித் தொலைக்க வேண்டும்? பவளாயியின் கை போனதுதான். தானே உட்கார்ந்து ஆறு நாள் பாடுபட்டு அவளுக்கு எதிரான சாட்சியைத் துலக்கி எடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்தது.

அப்போது அவன் மனைவி தாயம்மை, மடியில் கத்தரிக்காயோடு அந்தப் பக்கமாக வந்தாள். விரித்த வேட்டியையும் இரும்பையும் பார்த்தாள்.

“இது என்ன, பலகை எங்க?” என்றாள்.

“எந்தப் பலகை?”

“இதைப் பொருத்துற பலகைதான். பலகை இல்லாம எப்படி உக்காந்து நறுக்கறது? பல்லு மட்டும் நல்லாத்தான் இருக்கு. நம்ம வீட்டுது மழுங்கிப்போச்சு, தேங்கா துருவ முடியல.”

கடம்பன் அவள் முகத்தைப் பார்த்தான். எழுந்து அடுக்களைக்குப் போய், அங்கே சுவரோரம் சாய்த்திருந்த அரிவாள்மணையைப் பார்த்தான். திரும்பி வந்து இரும்பைப் பார்த்தான். ஒடுங்கிய முனையில் ஒரு துளை இருந்தது. பலகையில் ஆணி அடிக்கிற துளை. மண்ணுக்குள் மரம் மக்கி, இரும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவனும் இருபது வருஷமாகத் தேங்காய்த் துவையல் சாப்பிடுகிறவன்தான். அது எதில் துருவி வருகிறது என்று ஒருநாளாவது குனிந்து பார்த்திருக்கிறானா?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “தாயம்மை, மகாராஜா இதை நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்பிட்டாரு.”

தாயம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு. அவனுக்கோ அப்போதுதான் ஓலை ஞாபகம் வந்தது. தவறான பெயர் சொன்னவர் யாராக இருந்தாலும் வலக்கை. ஓலையில் முதல் பெயர் யாருடையது? இது வாள்தான் என்று சொல்லிவிட்டால் பவளாயியின் கை போகும். இல்லை என்றால் நாட்டை ஆளுகிறவரின் கை போகும். மூன்று தட்டுத் தட்டியாகிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் அவன் சோறு தொடவில்லை.

“பேசாம வாளுன்னே சொல்லிடவா?” என்று மனைவியிடம் கேட்டான்.

“அந்தப் பொண்ணு ஒரு பொய் சொல்லியிருந்தா அன்னைக்கே வீட்டுக்குப் போயிருக்கும்” என்றாள் தாயம்மை. “அவ சொல்லாத பொய்யை நீங்க சொல்லப் போறீங்களா?” கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

ஆயுத பூஜையன்று சபை நிறைந்திருந்தது. படைக்கலங்களை எல்லாம் சந்தனம் குங்குமம் இட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். பவளாயியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கடம்பன் ஒரு நீள மூட்டையும் ஒரு சின்ன மூட்டையும் கொண்டுவந்தான். நீள மூட்டையைத் துணியோடு தராசில் வைத்தான். முத்திரைக் கற்கள் கீழே இறங்கின, மூட்டை மேலே போயிற்று. தளவாயின் மீசை ஆடியது.

“குறைகிறது மகாராஜா. வெட்டுங்கள் கையை” என்றார்.

கடம்பன் சின்ன மூட்டையையும் அதே தட்டில் வைத்தான். தராசு முள் நடுவில் வந்து நின்றது. “இதில் இருப்பது துரு மகாராஜா. ஒரு துகள் விடாமல் கொண்டுவந்திருக்கிறேன். மூட்டை கட்டிய துணிக்கு ஈடாக அந்தப் பக்கமும் துணி வைத்திருக்கிறேன். எடை குறையக் கூடாது என்றுதான் உத்தரவு. எல்லாம் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை.”

மகாராஜாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. “வாளைக் காட்டு” என்றார்.

கடம்பன் துணியை விலக்கினான். இரும்பு மின்னியது. சபை ஆவென்று வாய் பிளந்தது. கவிராயர் துள்ளி எழுந்தார். “பற்கள், மகாராஜா, சிங்கத்தின் பற்கள். நான் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீர்கள் கவிராயரே. அந்தச் சிங்கம் என்ன சாப்பிடும் என்றும் பார்த்துவிடலாம்” என்றான் கடம்பன். வரும்போது தூணோரம் சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்தான். ஒடுங்கிய முனையை அதில் பொருத்தி ஆணியை இறக்கினான். பூஜைத் தட்டில் உடைத்து வைத்திருந்த தேங்காய் மூடி ஒன்றை எடுத்துப் பவளாயியிடம் நீட்டினான். அவள் பலகைமேல் ஒரு காலை மடித்து உட்கார்ந்தாள். தேங்காய் மூடியைப் பற்களில் வைத்து நாலு சுற்றுச் சுற்றினாள். வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பூ வாழையிலையில் உதிர்ந்தது.

முரசுக்காரன் கையிலிருந்த கோல் நழுவி விழுந்த சத்தம்தான் கேட்டது. மகாராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, குனிந்து, தேங்காய்ப்பூவை விரலால் தொட்டுப் பார்த்தார். அது தேங்காய்ப்பூதான்.

“மடைப்பள்ளிக்காரரை விசாரித்தேன்” என்றான் கடம்பன் தாழ்ந்த குரலில். “அல்லிக்குளம் வெட்டுகிற இடத்தில்தான் பழைய மடைப்பள்ளி இருந்ததாம்.”

“துரோகி, வாளை மாற்றிவிட்டான்” என்று கத்திக்கொண்டே தளவாய் தன் இடுப்பு வாளை உருவினார். அது வரவில்லை. மறுபடியும் இழுத்தார். உறையோடு இடுப்புக் கச்சையும் சேர்ந்து மேலே வந்ததே தவிர வாள் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக உறையை விட்டு வெளியே வராத வாள், துருவேறி உறைக்குள்ளேயே இறுகிக் கிடந்தது. ஆயுத பூஜைக்கும் அவர் உறைக்குத்தான் சந்தனம் பூசி வந்திருக்கிறார். நாட்டைக் காக்கிற வாள் இதுதானா என்று சபை இரண்டாம் முறை திகைத்தது.

“இரும்பை மாற்றியிருந்தால் துருவின் எடை எப்படிச் சரியாக வரும் தளவாயாரே? உங்களுடையதையும் என்னிடம் கொடுங்கள், எட்டு நாளில் தருகிறேன்” என்றான் கடம்பன்.

ஆனால் மகாராஜா அதைக் கேட்கவில்லை. அவர் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலக்கையைப் பார்த்தார். ஓலை எழுதியவரின் முகம் சவம் போல வெளுத்திருந்தது. கவிராயர் தன் வலக்கையை மேலாடைக்குள் ஒளித்துக்கொண்டார்.

“தவறான பெயர் சொன்னவர் யாராக இருந்தாலும்” என்றார் மகாராஜா. “நான் தட்டியிருக்கிறேன். மூன்று முறை.”

பக்கத்து ஆசனத்திலிருந்த மகாராணி எழுந்துவிட்டாள். கடம்பன் முன்னால் வந்தான். இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அவன் தேடிப்பிடித்தது ஒரே ஒரு வழிதான்.

“மகாராஜா, கையை வெட்ட வேண்டும் என்று ஓலையில் இருக்கிறது. மாற்ற முடியாது. ஆனால் என்றைக்கு வெட்ட வேண்டும் என்று ஓலையில் இல்லை. சரியான பெயர் சொன்னவள் ஒருத்தி இருக்கிறாள். நாள் குறிக்கும் உரிமையை அவளுக்குக் கொடுங்கள்.”

மகாராஜா தலையசைத்தார். எல்லோரும் பவளாயியைப் பார்த்தார்கள். ஒன்பது நாள் காவலில் கிடந்தவள். மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். தளவாயை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். தளவாய்க்கு வேர்த்துக் கொட்டியது.

“வெட்டின கையை வச்சு யாருக்கு என்ன லாபம் சாமி” என்றாள் கடைசியில். “குளத்து வேல அப்படியே கெடக்கு. என்னால ஒம்போது நாளு வேல கெட்டுப்போச்சுன்னு வேற சொல்வாங்க. குளத்துல மண்ணு அள்ளி முடியட்டும். முடிஞ்ச மறுநாள் வெட்டிக்கலாம். அதுவரைக்கும் மூணு பேரும் வந்து ஆளுக்கு ஒரு கை புடிச்சு மண்ணு சொமக்கணும்.”

“குளம் என்றைக்கு முடியும்?” என்று மகாராஜா கேட்டார்.

“வெட்டுறது தை மாசத்துல முடிஞ்சிரும். அப்புறம் மழை பேஞ்சா மண்ணு வந்து சேரும். வருசா வருசம் தூர் வாரணும். நானும் சின்ன வயசுலேர்ந்து குளம் வெட்டுறேன். மண்ணு அள்ளி முடிஞ்ச குளத்த இன்னும் பாத்ததில்ல சாமி. பாக்காததை எப்படிச் சொல்றது?”

மகாராஜாவின் தோள் குலுங்கியது. வயிறு குலுங்கியது. மணிமுடி சரிந்து காதில் தொங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டே ஆடியது. “கடம்பா, நான் ஒரு அரிவாள்மணைக்கு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேனே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதில் தவறே இல்லை மகாராஜா. ஆயுத பூஜையன்று எல்லார் வீட்டிலும் அரிவாள்மணைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள். தாங்கள் எட்டு நாள் முந்திக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.”

மகாராஜா மறுபடியும் சிரித்தார். பிறகு, அது என்ன என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அந்த அரிவாள்மணைக்குத் தம் கையாலேயே சந்தனம் இட்டு, படைக்கலங்களின் வரிசையில் முதலாவதாக வைத்தார். தப்பிய வலக்கைகளுக்குப் பொற்கங்கணம் என்று சொல்லி, கடம்பன் கையில் ஒன்றும் பவளாயி கையில் ஒன்றுமாகத் தாமே பூட்டினார். தாயம்மைக்கு, பல் மழுங்காத புது அரிவாள்மணை ஒன்று பல்லக்கில் போயிற்று.

மறுநாள் காலை, கங்கணம் மின்னப் பவளாயி மண்ணை வெட்டிப்போட, மகாராஜா கூடை சுமந்தார். அவர் சிரித்துக்கொண்டே சுமந்தார். பின்னால் தளவாயும் கவிராயரும் சிரிக்காமல் சுமந்தார்கள். அந்த மூன்று கைகளும் கடைசிவரை வெட்டப்படவில்லை. அல்லிக்குளமும் கடைசிவரை தூர் வாரி முடியவில்லை.